கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் போகிறீர்களா? மழை நாளுக்கு இப்படித் தயாராகுங்கள்

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து யாழ்ப்பாணம் வரை சைக்கிளில் போகப்போகிறோம் என்று சொன்னால், எந்தச் சைக்கிள், எத்தனை கியர், சீட் வலிக்காதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், "ரெயின்கோட் இருக்கு" என்று பதில் வரும். நனைவது பெரிய விஷயமே இல்லை. மழை நாளில் நேரம் கையை விட்டுப் போய்விடும், நேரம் போனால் இருட்டிவிடும், இருட்டினால் யானை நடமாடும் வீதியில் பிரேக் பிடிக்காத சைக்கிளோடு, ஆளுக்காள் முகம் கொடுத்துப் பேசாமல் நிற்பீர்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்களும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

கீழே சொல்வது சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாகப் போகும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பாதைக்கு. வேறு பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. காற்றைப் பார்த்துத் திகதி குறியுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கொட்டுகிற மழையை வைத்து வவுனியாவைக் கணக்குப் பார்க்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொழும்பு நனையும், புத்தளத்தைத் தாண்டினால் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், சோளகக் காற்று வேறு முதுகில் தள்ளிக்கொண்டு வரும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை தலைகீழ். மழை வடக்கிலும் கிழக்கிலும், வாடைக்காற்று நேரே முகத்தில். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பக்கமும் மழை, பிற்பகலில் இடி, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலமும் அதுதான். முதல் தடவை போகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தையும் விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் ஜூலை, ஓகஸ்ட் நல்லது. நீர்கொழும்பு, சிலாபம் வரை நனைந்தாலும் அதற்கு மேல் பிழைத்துக்கொள்ளலாம். ஜூனில் போவதென்றால் பொசன் பௌர்ணமி எப்போது என்று முதலில் பாருங்கள், அந்தக் கிழமை அநுராதபுரத்தில் அறை தேடுவது வீண்வேலை. மழைக்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்கவும் முடியாது.

2. பாதையை மழைக் கணக்கில் வெட்டுங்கள்

பாரம் ஏற்றிய சைக்கிளில் சமதரையில் மணிக்கு 15 கிலோமீற்றர் போகலாம் என்று வையுங்கள். மழையில், நின்று நின்று போவதையும் சேர்த்து, மணிக்குப் பத்துத்தான். எல்லாத் துண்டுகளையும் இந்தப் பத்தை வைத்தே கணக்குப் பாருங்கள்.

கொழும்பிலிருந்து சிலாபம் கிட்டத்தட்ட 80 கிலோமீற்றர், அங்கிருந்து புத்தளம் 50, புத்தளத்திலிருந்து அநுராதபுரம் 75, அநுராதபுரத்திலிருந்து வவுனியா 55, அப்புறம் கிளிநொச்சி 75க்குக் கொஞ்சம் மேலே, யாழ்ப்பாணத்துக்கு இன்னும் 65. சிலாபம், புத்தளம் வரை புத்தளம் ரயில் பாதை கூடவே வருகிறது. அநுராதபுரத்திலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை வடபகுதி ரயில் பாதை. இடையில் புத்தளம் – அநுராதபுரம் துண்டுக்கு மட்டும் ரயில் கிடையாது. ஒரு பக்கம் வில்பத்துக் காடு, கருவலகஸ்வெவப் பக்கம் யானை வீதிக்கு வரும், கலா ஓயா ஆறு பெருகினால் அந்த ஏ12 வீதியே மூடிப்போகும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பயணிகளோடு ஒரு பஸ் வெள்ளத்தில் சிக்கியது அந்தக் கலா ஓயாப் பகுதியில்தான்.

ஆகவே எதிர்பாராத தாமதத்துக்கென்று ஒதுக்கும் மேலதிக நாளைப் புத்தளத்தில் வையுங்கள். பலரும் அதை யாழ்ப்பாணத்தில் வைத்து, நல்லூரும் கீரிமலையும் பார்க்கலாம் என்று திட்டம் போடுகிறார்கள். மழை புத்தளத்தில் பிடித்தால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற நாளால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் நடுவில் உள்ள அறைகள் எல்லாம் திகதி போட்டுப் பதிவாகி இருக்கும்.

75 கிலோமீற்றரை மணிக்குப் பத்தால் பிரித்தால் ஏழரை மணித்தியாலம். காலை ஆறுக்கு வெளிக்கிட்டால் ஒன்றரைக்குப் போய்ச் சேரலாம். மழை விடட்டும் என்று பத்து மணி வரை காத்திருந்தால் மாலை ஐந்தரை, ஒரு பஞ்சர் ஆனால் இருட்டு. எங்கள் விதி இது: காலை எட்டு மணிக்குள் புத்தளத்தை விட்டு வெளிக்கிட முடியாவிட்டால் அன்று அந்தத் துண்டு கிடையாது. வானம் பிறகு எவ்வளவு பளிச்சென்று வெளித்தாலும் சரி.

கண்டி, பதுளை என்று மலைப்பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று. மஞ்சள் வந்தாலே அந்தப் பிரிவைச் சைக்கிளில் கடக்காதீர்கள்.

3. மழைப்பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

தலைக்கு 5000 ரூபா என்று பயணம் தொடங்கும் முன்பே சேர்த்து ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அறை பகிர்ந்து ஒரு மேலதிக இரவு, ஒரு நாள் சாப்பாடு, வாகனம் பிடித்தால் அதில் ஒரு பங்கு, இதற்கெல்லாம் அது. மிஞ்சினால் யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிறீம் குடியுங்கள். இதை முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மழையில் நிற்கும்போது "இன்னொரு நாள் தங்குவோமா" என்ற கேள்வி உண்மையில் காசுக் கேள்வி. கையில் இல்லாதவர் அதைச் சொல்லமாட்டார், "போவோம், போவோம்" என்று நிற்பார், எல்லோரும் அவரோடு நனைந்துகொண்டு போவார்கள்.

அறைகளுக்கு முழு முற்பணம் கட்டாதீர்கள். முதல் இரவுக்கு மட்டும் கட்டி, மற்ற இடங்களுக்குப் போனில் பேசி, மழை என்றால் ஒரு நாள் தள்ளி வருவோம், சம்மதமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நாங்கள் கட்டிய ஓர் இடத்தில் ஒரு சதம்கூடத் திரும்பி வரவில்லை. அதே போனில் சைக்கிளை உள்ளே வைக்க விடுவார்களா, அறையில் மின்விசிறி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். குளிரூட்டியை விட மின்விசிறி முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கரண்ட் போனால் ஏடிஎம்மும் போகும், கடையில் கார்ட் இயந்திரமும் போகும். ஆளுக்கு இரண்டு நாள் செலவுக்குக் காசாக வைத்திருங்கள், 100, 500 தாள்களாக.

4. ஆவணங்கள்

தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும். விடுதிகளில் பதிவுப் புத்தகத்தில் எழுதுவார்கள், ரயிலில் சைக்கிளை அனுப்பும்போதும் கேட்கக்கூடும். கனடா, லண்டன் என்று வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் யாராவது சேர்ந்தால் அவருக்குக் கடவுச்சீட்டு. அசலை ஒரு சிப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு சிப் பையில் தலைகீழாகப் போடுங்கள். பிரதியை வேறொருவர் பையில் வையுங்கள், உங்கள் பையிலேயே வைத்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும்.

ஒரு காகிதத்தில், பென்சிலால் (பேனா மை கரையும்), அன்றன்று தங்கும் இடத்தின் தொலைபேசி எண், வீட்டு எண், ஆளுக்குள்ள நோய், ஒவ்வாமை. அதோடு மூன்று இலக்கங்கள்: 1990 சுவ செரிய அம்புலன்ஸ், இலவசம். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், வீதி வெள்ளத்தில் மூடியிருக்கிறதா என்றும் கேட்கலாம். 119 பொலிஸ். போன் நனைந்து செத்தால் இந்தக் காகிதம்தான் மிச்சம்.

5. புறக்கோட்டையில் ஒரு சுற்று

மழைக்கு வேண்டிய சாமான் எல்லாம் கொழும்பிலேயே மலிவாக எடுத்துவிடலாம். டாம் வீதிப் பக்கம் சைக்கிள் கடைகள், குறுக்குத் தெருக்களில் பொலித்தீன். விலையுயர்ந்த நீர்புகாப் பை தேவையில்லை. தடித்த கறுப்புக் குப்பைப் பையை உங்கள் பைக்குள் உறையாக விட்டு, உடுப்பை அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். வெளியே போடும் உறைக்குள் காற்றோடு தண்ணீரும் ஏறும், உள்ளே விட்டது ஏறாது.

தவறாமல் வாங்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பின் சில்லுக்கு முழு நீள மட்காட். அது இல்லாமல் வருகிறவரின் பின்னால் போய்ப் பாருங்கள், வாயெல்லாம் மணல். இரண்டாவது, ஆளுக்கு இரண்டு புது டியூப். மழையில் பஞ்சர் கூடும். ஈர டயரில் கண்ணாடித் துகள் ஒட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும். ஒட்டலாம் என்றால் ஈர டியூப்பில் சொலூசன் பிடிக்காது. துடைத்து, ஊதி, உரஞ்சி ஒட்டினாலும் இரண்டு கிலோமீற்றரில் ஓரம் எழும்பும். டியூப்பை அப்படியே மாற்றிவிட்டு, ஓட்டையை இரவில் அறையில் வைத்து ஒட்டுங்கள். மாற்றும்போது டயரின் உட்பக்கத்தை ஈரத் துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள், துகள் இருந்தால் துணி சிக்கும். விரலால் தடவினால் விரல்தான் வெட்டுப்படும்.

ரெயின்கோட் பற்றி: தாழ்நிலத்தில் அதைப் போட்டு மிதித்தால் உள்ளே வேர்வையில் நனைவீர்கள், வெளியே மழையில் நனைவதைவிட அது மோசம். போர்வை மாதிரி விரியும் வகை காற்றில் பாயாக விரிந்து சைக்கிளையே இழுக்கும், சில்லிலும் சிக்கும். பகலில் மெல்லிய பொலியெஸ்டர் ரீசேட்டோடு நனைந்துகொண்டே போங்கள், நிற்கும்போது மட்டும் ரெயின்கோட்டைப் போடுங்கள். இரவுக்கு ஒரு சாரமும் ஒரு சேட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நனையக் கூடாது.

6. முடிவை முதல் நாள் இரவே எடுங்கள்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள், தமிழிலும் வரும். 100 மில்லிமீற்றருக்கு மேல் என்று அடுத்து நீங்கள் போகும் மாவட்டத்துக்குச் சொல்லியிருந்தால் பேச்சே இல்லை, நிற்க வேண்டும். போனில் உள்ள மழை மேகப் படங்கள் அடுத்த ஓரிரு மணித்தியாலத்துக்கு மட்டும் உதவும், நாளைக்கு உதவாது.

ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இதைக் கொழும்பிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார், "மச்சான், இதெல்லாம் ஒரு மழையா, வெளிக்கிடுவம்" என்று. நல்லவர்தான், பலமாக மிதிப்பவரும் அவர்தான். அதனாலேயே அவருடைய கணக்கு மற்றவர்களுக்குப் பொருந்தாது. கடைசியாக வருகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம்.

7. மழையில் ஓட்டுவது

வெளிச்சம் வந்ததும் வெளிக்கிட்டு, பிற்பகல் ஒரு மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் போன்ற இடைப்பருவ மாதங்களில் இடி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

மழை தொடங்கிய முதல் கால் மணித்தியாலம் மிக வழுக்கும், வீதியில் கிடந்த எண்ணெயும் தூசும் அப்போதுதான் கிளம்பும். அந்த நேரத்தில் ஒரு கடையில் பிளேன்டீ குடியுங்கள். பிறகு வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்து இரும்பு இணைப்பு, இவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திரும்பாதீர்கள். ரயில் கடவையில் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சிலாபப் பாதையில் வீதியும் தண்டவாளமும் சாய்வாக வெட்டும் இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போனால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இரும்பு ரிம் உள்ள சைக்கிளில் நனைந்த பிரேக் கிட்டத்தட்ட இல்லை என்றே நினையுங்கள். பிடிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தொட்டு விட்டால் ரிம்மில் இருக்கும் தண்ணீர் வழியும், அப்புறம்தான் பிடிக்கும். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் மூன்று சைக்கிள் இடைவெளி. அடி தெரியாத தேங்கு தண்ணீருக்குள் சில்லை விடாதீர்கள். பகலிலும் பின் சிவப்பு லைட் எரியட்டும், தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும் கொழும்பு – புத்தளம் ஏ3 வீதியில் அது ஒன்றுதான் உங்களைக் காட்டும்.

மழையில் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு தண்ணீரை இழந்துகொண்டுதான் இருக்கும். ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்து வையுங்கள். பாண், பருப்பு, வாழைப்பழம் என்று அடிக்கடி சாப்பிடுங்கள், பசியும் குளிரும் சேர்ந்தால் சண்டை வரும்.

8. இடியும் வெள்ளமும்

இடி காதில் விழுந்தாலே நில்லுங்கள். பாலாவிப் பக்கத்து உப்பளம், குளக்கட்டு, வயல்வெளி, இங்கெல்லாம் உயரமாக நிற்பது நீங்கள்தான். தனி மரத்தடி வேண்டவே வேண்டாம். கடை, வீடு, பாடசாலை, எது முதலில் வருகிறதோ அதற்குள் போய் சுவரை விட்டு விலகி நில்லுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே.

வீதியைத் தாண்டித் தண்ணீர் ஓடினால் லொறி போகிறதே என்று பின்னால் போகாதீர்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரே ஆளையும் சைக்கிளையும் தள்ளிவிடும். அந்த ஊர் ஓட்டோக்காரரைக் கேளுங்கள், எந்தப் பாலம் எப்போது மூழ்கும், எத்தனை மணிக்கு வடியும் என்று துல்லியமாகச் சொல்வார்.

வயல் தண்ணீரில், வெள்ளத்தில் கால் வைத்திருந்தால் எலிக்காய்ச்சல் ஞாபகம் இருக்கட்டும். காலில் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் தசை வலியும் வந்தால் வைத்தியரிடம் வெள்ளத்தில் நடந்த கதையையும் சொல்லுங்கள், அவராக அதைக் கேட்காமல் போகலாம். பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்.

9. போதும் என்றால் எப்படிப் போய்ச் சேர்வது

ரயில் உள்ள ஊர் என்றால் நிலைய அதிபரையோ பொதி அலுவலகத்தையோ கேளுங்கள். சைக்கிளைப் பொதியாக அனுப்பலாம், கட்டணம் தூரத்தையும் எடையையும் பொறுத்தது. ரயில் வரும் நேரத்துக்குப் போய் நின்றால் நடக்காது, ஒரு மணித்தியாலமாவது முன்னால் போங்கள். நீங்கள் ஏறும் ரயிலிலேயே சைக்கிளும் ஏறுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் வரும் ரயிலில் வந்தால் ஒருவர் காத்திருந்து எடுக்க வேண்டி வரும். லைட், பம்ப், போத்தல் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டையைச் சைக்கிள் சட்டத்தில் கட்டிவிடுங்கள். பற்றுச்சீட்டு சிப் பைக்குள்.

ரயில் இல்லாத இடத்தில் பட்டா வாகனம் (சின்ன லொறி) பிடியுங்கள். ஹாட்வெயார் கடை, அரிசி ஆலை வாசலில் நிற்கும். நாலைந்து சைக்கிளைப் படுக்க வைக்கலாம், செயின் பக்கம் மேலே இருக்கட்டும், நடுவில் காட்போட் மட்டை. வெறுமனே திரும்பி வரும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள், அது நியாயம். ஆனால் ஏற்றும் முன் தொகையைப் பேசி முடியுங்கள், சைக்கிள் மேலே ஏறிய பிறகு பேரம் பேச முடியாது. ஒருவர் சாரதிக்குப் பக்கத்தில், மற்றவர்கள் பஸ்ஸில்.

10. அறைக்குள் போன பிறகு

குளிக்கும் முன் சைக்கிளைக் கவனியுங்கள், குளித்த பிறகு யாரும் தொடமாட்டார்கள். ஒரு போத்தல் தண்ணீரால் செயினில் மணலைக் கழுவி, பழைய துணியால் துடைத்து, எண்ணெய் விடுங்கள். செயின் எண்ணெய் இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அடுத்த நாளே பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும். பிரேக் கட்டையில் மணல் புதைந்திருக்கும், ஊசியால் கிளறி எடுங்கள்.

உடுப்பை முறுக்கிப் பிழிந்தால் போதாது. காய்ந்த துவாயை விரித்து, அதன் மேல் ரீசேட்டை வைத்துச் சுருட்டி, முழங்காலை ஊன்றி அமுக்குங்கள், பாதி ஈரம் துவாய்க்குப் போய்விடும். பிறகு மின்விசிறிக்கு நேர் கீழே கொடி கட்டித் தொங்கவிட்டால் காலையில் போடலாம். சப்பாத்துக்குள் பழைய வீரகேசரிப் பத்திரிகையைக் கசக்கித் திணித்து, படுக்கும் முன் ஒரு தடவை மாற்றித் திணியுங்கள். போன் சார்ஜ் ஏறாவிட்டால் துளையில் ஈரம். அரிசிக்குள் புதைக்காமல், துளை கீழே பார்க்க மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

கால் விரலிடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள், தொடை உராய்ந்த இடத்தில் வசலின். கொத்தமல்லி அவித்துத் தரச் சொன்னால் பல விடுதிகளில் தருவார்கள், இல்லாவிட்டால் சமஹன் மூலிகைப் பான பைக்கற்றும் சுடுதண்ணீரும். அப்புறம் மழைப்பணத்தை வைத்திருப்பவர் அன்றைய செலவை எல்லோருக்கும் முன்னால் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும், அடுத்த நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.